பெல்ட்டைக் கழற்றிய பிறகும் வந்த குளிர்

வன்னிமடைக்கு ரோடு பிரிகிற விலக்கில் கார் ஸ்டாண்டு போட்டு எத்தனையோ கோடை போயிருக்கிறது, ஒவ்வொரு கோடைக்கும் ஒரு பேர் உண்டு, தார் உருகி லாரி டயரோடு ஒட்டிக்கொண்டு போன கோடை, காக்கா பறக்கமாட்டாமல் நடந்தே போன கோடை என்று. அந்த வரிசையில் பானைக்குப் பெயிண்ட் அடித்த கோடை என்றும் ஒன்று இருக்கிறது, அதைத்தான் சொல்ல வருகிறேன், நீங்கள் நம்பாவிட்டாலும் பாதகமில்லை, அந்த வருஷம் எங்கள் விலக்கிலும் யாரும் யாரையும் நம்பவில்லை.

ஸ்டாண்டில் பதினோரு கார்கள், ஏழாவதாக நிற்கும் பழைய வெள்ளைக் கார் வெயிலுமுத்துவுடையது, அதை அவன் சவாரிக்கென்று வாங்கவில்லை, பெண்சாதிக்கென்று வாங்கினான். அவன் பெண்சாதி சீனியம்மாள், நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பட்டாசு ஆலையில் மருந்துக் கொட்டடி வெடித்தபோது வெளியே ஓடி வந்தவர்களில் கடைசி ஆள். உயிர் தங்கிவிட்டது, முகமும் தங்கிவிட்டது, கழுத்துக்குக் கீழே முதுகும் நெஞ்சும் இரண்டு கையும் வெந்து, ஆறி, மெழுகு ஊற்றியது போல வழுவழுவென்று புதுத்தோல் மூடிக்கொண்டது. அந்தத் தோலுக்கு வேர்க்கத் தெரியாது. வேர்வைத் துளையெல்லாம் அடைபட்டுவிட்டது, உடம்புச் சூடு வெளியேற வழியில்லை, வெயில் ஏறினால் இவள் உள்ளுக்குள்ளேயே வெந்துவிடுவாள், நிழல் பத்தாது, காற்றாடி பத்தாது, குளிரில் வையுங்கள் என்று பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லி அனுப்பிவிட்டார். இவர்கள் இருப்பது ஓட்டு வீடு, அங்கே ஏசி வைத்தால் ஓட்டு இடுக்கு வழியாகக் குளிரெல்லாம் வானத்துக்குப் போய்விடும். ஆகவே வெயிலுமுத்து ஏசி உள்ள பழைய கார் ஒன்றை வாங்கி, மாசிக் கடைசியிலிருந்து ஆனி வரைக்கும் பகலெல்லாம் அவளைப் பின் சீட்டில் படுக்க வைத்துக்கொண்டு ஸ்டாண்டு வேப்பமரத்தடியில் நிற்பான், சவாரி வந்தால் அவளை முன் சீட்டுக்கு மாற்றிக்கொண்டு ஓட்டுவான், ஏறுகிறவர்கள் யாரென்று கேட்டால் "வீட்டுக்காரி, வழி சொல்ல வாரா" என்பான்.

சித்திரை பிறந்து பத்து நாள் இருக்கும், அந்தக் கார் கத்த ஆரம்பித்தது. சிரட்டையைச் சிமெண்டுத் தரையில் வைத்து இழுத்தால் வருமே, அந்தச் சத்தம். சாவியைத் திருப்பினால் கத்தும், ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்னும் உரக்கக் கத்தும். ஸ்டாண்டில் பதினோரு டிரைவர் இருந்தால் பதினோரு வைத்தியர்கள். ஒருவன் ஃபேன் பெல்ட் என்றான், ஒருவன் உள்ளே அணில் கூடு கட்டியிருக்கிறது என்றான், சங்கத் தலைவர் அய்யாக்குட்டி மட்டும் பானெட்டைத் தொடாமலே, பல்லைக் குத்திக்கொண்டே, "ஏசியில கேஸ் போயிருக்கும்" என்றார். டயர் பஞ்சரானாலும் கேஸ் போயிருக்கும் என்று சொல்கிற ஆள் அவர்.

விலக்குக்குத் தெற்கே மூன்றாவது கடை காஜா மைதீன் பாயுடையது, கார் ஏசி என்றால் சுத்துப்பட்டு முப்பது ஊருக்கும் அவர்தான். மீட்டரையெல்லாம் பிற்பாடுதான் எடுப்பார். முதலில் சாண் நீள ஸ்குரூ டிரைவர் ஒன்றின் நுனியை ஓடுகிற இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடிவிடுவார், வயிற்றுப் பிள்ளையின் துடிப்பைக் கேட்கிற மருத்துவச்சி மாதிரி.

"ஏசியை அணை" என்றார். அணைத்தான். கத்தியது.

"போடு." போட்டான். கத்தியது, கூடவே உள்ளே ஏதோ பல்லைக் கடித்தது.

"என்ன பாய்?"

"அணைச்சிருக்கும்போது கத்திட்டு, போட்டதும் வாயை மூடினா புல்லி பேரிங் மட்டும்தான் போச்சு, அதை மாத்தினா போதும். அணைச்சிருக்கும்போது சும்மா இருந்துட்டு, போட்டதும் கத்தினா கம்ப்ரஸருக்கு வயித்துவலி. உன் வண்டி ரெண்டுக்கும் அழுவுதுப்பா. புல்லியும் போச்சு, கம்ப்ரஸரும் போச்சு. இப்படியே ஓட்டினா பேரிங் இறுகி, பெல்ட் அறுந்து, உன்னை நடுரோட்டுல நிக்க வச்சிரும்."

"புதுசு எப்பக் கிடைக்கும்?"

"இந்தப் பழைய மாடலுக்கு மதுரையிலயே கிடையாது. கோயமுத்தூருக்குச் சொல்லி விடுதேன். பத்து நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும்."

பின் சீட்டிலிருந்து சீனியம்மாள் கேட்டாள். "அதுவரைக்கும்?"

அக்னி நட்சத்திரம் பிறக்க இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் குனிந்து, கம்ப்ரஸரைச் சுற்றி ஓடுகிற பெல்ட்டைத் தளர்த்திக் கழற்றி, கடைச் சுவரில் ஆணியில் மாட்டினார்.

வெயிலுமுத்து சாவியைத் திருப்பினான். சத்தம் நின்றிருந்தது. பழக்கத்தில் அவன் விரல் ஏசிப் பொத்தானை அமுக்கியது. குளிர் வந்தது.

முன்பு வந்ததைவிடச் சீராக வந்தது, மார்கழி விடியலில் கண்மாய்க்கரையில் ஏறி நின்றால் முகத்தில் படுமே, அந்த மாதிரி. பாய் குனிந்து பார்த்தார், புல்லி அசையவில்லை. குழாய்கள் இரண்டையும் தொட்டார், ஒன்று சுட வேண்டும், ஒன்று குளிர வேண்டும், இரண்டும் ஒரே சூட்டில் இருந்தன. இன்ஜினை அணைக்கச் சொன்னார், அணைத்த பிறகும் காற்று குளிராகவே வந்தது. ஸ்குரூ டிரைவரைக் காற்று வருகிற வாயில் வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு அதைத் துடைத்துச் சட்டைப் பைக்குள் சொருகிக்கொண்டு, "வருது" என்றார்.

"எப்படி பாய் வருது?"

"வருதுப்பா. கண்ணாடியை ஏத்தி விடு, வீணாப் போகுது" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

முதல் ஒரு வாரம் ஊருக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. பூக்கடை பாக்கியத்தாய் விற்காத மல்லிகையைப் பந்தாகச் சுருட்டிக்கொண்டு வந்து, "சீனி, உன் காலடியில ஒரு ஓரமா வச்சுக்கத்தா" என்று வைத்துவிட்டுப் போனாள், மறுநாள் அது அப்போது கட்டியது போல மொட்டாக இருந்தது. தயிர்க்காரர் புளிக்கக் கூடாத தயிரை வைத்தார், மருந்துக்கடைக்காரர் கரண்டு போன அன்றைக்கு ஊசி மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார், கல்யாண மாப்பிள்ளை ஒருவன் கோட்டும் சூட்டுமாகக் கால் மணி நேரம் உட்கார்ந்து வேர்வை காய்ந்த பிறகு மண்டபத்துக்கு எழுந்து போனான். சீனியம்மாள் மடியில் பூவும் காலடியில் தயிருமாக, கண்ணாடிக்குப் பின்னால் சாமி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

எட்டாம் நாள் காலையில் அய்யாக்குட்டி வீட்டில் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஸ்டாண்டுக்கு வந்தார். வந்தவர் யாரிடமும் பேசாமல் வெள்ளைக் காரை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"இன்னிக்கு எங்க வீட்டுத் தண்ணி குளிரலை" என்றார். "குளிருங்கிறது சும்மா வருமாலே? ஓரிடத்துல எடுத்தாத்தான் இன்னோரிடத்துக்கு. அதுக்குத்தானே கம்ப்ரஸரு. இவன் வண்டியில கம்ப்ரஸரும் ஓடலை, பெல்ட்டும் இல்லை. அப்போ இவன் எங்க இருந்து எடுக்கான்?"

கேள்வி அவ்வளவுதான். அது டீக்கடைக்குப் போய் ஒரு டீ குடித்தது, சலூனுக்குப் போய்ச் சவரம் செய்துகொண்டது, ரேஷன் கடை வரிசையில் நின்று கிழக்குத் தெருவுக்கும் மேலத் தெருவுக்கும் பங்கு பிரிந்து போனது, மத்தியானத்துக்குள் விலக்கில் உள்ள அத்தனை வீட்டிலும் ஆளாளுக்குப் பானைக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். ஒரு கையை விட்டவர்களுக்குச் சந்தேகமாக இருந்தது, மறு கையையும் விட்டவர்களுக்கு நிச்சயமாகிவிட்டது. நாளுக்கு நாற்பது தடவை மூடியைத் திறந்து கையை விட்டால் எந்தத் தண்ணீர் குளிரும் என்று ஒருத்தரும் நினைக்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாமே அந்தக் காரால்தான். கோழி கூமுட்டை இட்டது அதனால், கோயில் பிரகாரக் கல் சுட்டது அதனால், மருமகள் மாமியாரிடம் சூடாகப் பேசியது அதனால். பூவும் தயிரும் வைத்தவர்கள் வந்து சீனியம்மாளுக்கு முகம் கொடுக்காமல் எடுத்துக்கொண்டு போனார்கள். வெயிலுமுத்து தெருவில் போகும்போது எந்த வீட்டை எத்தனை நேரம் பார்த்தான் என்று கணக்கு வைத்தார்கள். ஒரு வீட்டில் பானை குளிர்ந்திருந்தால் இன்னும் மோசம், "உங்க வீட்டை மட்டும் விட்டு வச்சிருக்கானே, அவன் உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்கள், அதனால் பானை குளிர்ந்த வீட்டுக்காரர்களும் சுடுகிறது என்றே சொன்னார்கள், ஜில்லென்று குடித்துவிட்டு நாக்கைச் சுட்டுக்கொண்டது போல முகத்தை வைத்துக்கொண்டார்கள்.

பெயிண்ட் யோசனை அய்யாக்குட்டியுடையது.

"டியூப்புல காத்து இறங்கினா என்ன செய்தோம்? ஓட்டையை அடைக்கோம். மண்பானையில கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஆயிரம் இருக்கு, அது வழியாத்தான் குளிரை உறிஞ்சுதான். அதை அடைச்சிட்டா எப்படி எடுப்பான்?"

டிங்கர் பட்டறை சூசை காருக்குப் பெயிண்ட் அடிக்கிற துப்பாக்கியோடு தெருத்தெருவாக வந்தான். முதலில் பிரைமர், மேலே இரண்டு கோட்டிங், காய்ந்ததும் பாலீஷ், ஒரு வேலையை அரைகுறையாகச் செய்யத் தெரியாதவன் அவன். அய்யாக்குட்டி வீட்டுப் பானை அவர் கார் கலரிலேயே நீலமாகப் பளபளத்தது, மற்ற வீடுகளுக்கு மிச்சம் மீதி டப்பாக்களில் இருந்த மஞ்சளும் சாம்பலும், விலக்கில் வழிப்போக்கர்களுக்காகச் சங்கம் போட்டிருந்த தண்ணீர்ப் பந்தலின் ஆறு பெரிய பானைகளுக்கும் ஆம்புலன்ஸ் வெள்ளை. இரண்டு நாள் தண்ணீரில் தின்னர் வாடை அடித்தது. மூன்றாம் நாள், பெயிண்ட் நன்றாக இறுகிய பிறகு, எல்லாப் பானையும் நிஜமாகவே சுட்டது, வெந்நீர் அண்டா மாதிரி, குடித்தால் தாகம் கூடியது.

"பாத்தீங்களா?" என்றார் அய்யாக்குட்டி. "அடைச்ச கோவத்துல மொத்தமா இழுக்கான்."

அன்று சாயந்திரம் வேப்பமரத்தடியில் கூட்டம் போட்டார்கள். அக்னி நட்சத்திரம் பிறந்து ஏழு நாள் ஆகியிருந்தது. வெள்ளைக் கார் ஸ்டாண்டில் நிற்கக் கூடாது, ஊருக்குள்ளேயும் நிற்கக் கூடாது, விற்றுவிட வேண்டும் என்று பேச்சு வந்தது. வெயிலுமுத்து காரில் சாய்ந்து நின்றான், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சீனியம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வண்டியை வித்துட்டு இவளை எங்கண்ணே வைப்பேன்?" என்று கேட்டான்.

"உன் பொண்டாட்டி ஒருத்திக்காக ஊரே வேகணுமா?" என்றார் அய்யாக்குட்டி. "பாய், நீரு சொல்லும். இந்த வண்டி களவாங்குதா, இல்லையா?"

காஜா பாய் எழுந்தார். "எனக்கு வண்டிச் சீக்குத்தான் தெரியும் அண்ணாச்சி. ஒரு சத்தம் எதுல இருந்து வருதுன்னு சந்தேகம்னா பெல்ட்டைக் கழட்டிப் பாப்போம். கழட்டினதும் நின்னா அதுதான். நிக்கலைன்னா வேற எதுவோ. வண்டியை ஊரை விட்டு ஒரு நாள் கழட்டிப் பாருங்க. பானை குளிர்ந்தா வண்டிதான் களவாணி."

நல்ல யோசனை என்று நாலு பேர் தலையாட்டினார்கள், பாய் இவ்வளவு சட்டென்று சொல்கிறார் என்றால் அவரும் வெயிலுமுத்துவும் பேசி வைத்திருப்பார்கள் என்று மற்ற நாலு பேர் முணுமுணுத்தார்கள். வண்டி கண்மாய்க்கு அந்தப் பக்கம் புளிய மரத்தடியில் ஒளிந்து நின்று அங்கிருந்தே இழுத்தால்? தூத்துக்குடி வரைக்கும் போகட்டும், கூட ஒரு டிரைவர் சாட்சிக்குப் போகட்டும். அந்தச் சாட்சியை விலைக்கு வாங்கிவிட்டால்?

கண்ணாடி இறங்கியது.

"அண்ணாச்சி, நான் இங்க இருக்கேன்" என்றாள் சீனியம்மாள். "அவரு வண்டியை எடுத்துட்டுக் காலைல போயிட்டு ஆறு மணிக்கு வரட்டும். நான் தண்ணிப் பந்தல்ல எல்லாரு கண்ணுக்கும் முன்னால உக்காந்திருக்கேன். என்னை வெயில்ல விட்டுட்டு, அவரு அங்க குளிரைக் களவாங்கி யாருக்கு ஊட்டப் போறாரு? பானை குளிர்ந்தா வண்டியை வித்துருதோம். குளிரலைன்னா வண்டி இந்த மரத்தடியிலதான் நிக்கும், ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசப்பிடாது."

"உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?" என்று வெயிலுமுத்து கத்தினான். "நாளைக்கு அக்னி நட்சத்திரம் எட்டாம் நாளு!"

"வண்டி போயிட்டா மிச்சம் பதினேழு நாளும் நான் வேகணும். அதுக்கு ஒரு நாள் வேகுதேன், போங்க."

மறுநாள் ஒன்பது மணிக்குக் கார் போனது. வெயிலுமுத்து ரோட்டைப் பார்த்ததைவிடப் பின்னால் திரும்பிப் பார்த்ததுதான் அதிகம், பக்கத்தில் உட்கார்ந்த சாட்சி டிரைவர்தான் ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பிவிட வேண்டியிருந்தது என்று பிற்பாடு சொன்னான். பந்தலில் கீற்று நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு சீனியம்மாள் உட்கார்ந்தாள். எதிரே ஆறு வெள்ளைப் பானைகள். சுற்றிலும் ஊர்.

பத்து மணிக்கு அவள் பாக்கியத்தாயோடு பேசிக்கொண்டிருந்தாள். பதினொரு மணிக்குப் பாக்கியத்தாய் பேசினாள், இவள் தலையாட்டினாள். பன்னிரண்டு மணிக்கு முகம் செம்பருத்தியாகி, உதடு காய்ந்து, நெற்றியில் மட்டும் இரண்டு பொட்டு வேர்வை நின்றது, உடம்பில் ஒரு பொட்டு இல்லை. ஊரில் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஆனால் பானையைப் பார்த்தார்கள், அவளை இல்லை. அரை மணிக்கு ஒருதரம் அய்யாக்குட்டி பானைக்குள் கையை விட்டார், ஒவ்வொரு தடவையும் தலைவர் சரியாகத்தான் விடுகிறாரா என்று பார்க்க இன்னொருத்தர் கையை விட்டார், அவரைச் சரிபார்க்க மூன்றாமவர் விட்டார். பானை சுட்டது. நேற்றைவிடக் கூடவே சுட்டது.

"நேரம் ஆகணும்" என்றார் அய்யாக்குட்டி. "உறிஞ்சினது திரும்பி வரணும்லா."

"தண்ணி குடுங்க" என்றாள் சீனியம்மாள்.

மொண்டு கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினாள். "என்னய்யா இது, வடிச்ச கஞ்சி மாதிரி சுடுது." நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, இரண்டு எட்டு வைத்து, பானையின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள். சூடு, வழுவழுப்பு, ஈரம் துளி இல்லை. மற்றக் கையால் தன் முழங்கைத் தோலைத் தொட்டாள். அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள், ஒரு கை பானையிலும் ஒரு கை தன் மேலுமாக.

பிறகு பக்கத்தில் நின்ற பாயின் சட்டைப் பையிலிருந்த ஸ்குரூ டிரைவரை உருவி, பானையின் வயிற்றில் ஓங்கிக் கீறினாள். வெள்ளைப் பெயிண்ட் உரிந்து செம்மண் தெரிந்தது.

"இது வேர்க்கலையே" என்றாள். "நல்ல பானை மேல எல்லாம் வேர்த்து நிக்குமே, பாத்ததில்லையா நீங்க? வேர்க்கிற பானைதானய்யா குளிரும்! இந்தக் கீறின இடத்தைப் பாத்துக்கிட்டே இருங்க, இப்போ கசியும். என் மேல இருந்த துளையை வெடிமருந்து அடைச்சுச்சு. இதுக்கு இருந்த துளையை நீங்க காசு குடுத்து அடைச்சிருக்கீங்க. அப்புறம் அது எப்படி ஆறும்? நான்தான் எப்படி ஆறுவேன்?"

சொல்லி முடித்துவிட்டு அவள் மடங்கி விழுந்தாள்.

"நடிக்காளோ?" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. யார் குரல் என்று இன்றைக்கு வரைக்கும் யாரும் ஒத்துக்கொண்டதில்லை.

பாய் அவள் நெற்றியில் கை வைத்துவிட்டு எடுத்தார். "கொதிக்குது. இன்ஜின் சீஸாகி இறுகப் போகுது, ஓடியாங்க!"

ஒருவன் வாளியோடு ஓடி வந்தான். "ஊத்தாதே!" என்று நாலு பேர் மறித்தார்கள். "அவ மேல தண்ணி படப்பிடாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லியிருக்கு!" அது உண்மைதான். புண் பச்சையாக இருந்தபோது டாக்டரம்மா அப்படிச் சொன்னார், அன்றிலிருந்து துணியால் ஒற்றித் துடைப்பதோடு சரி, புண் ஆறிய பிறகு அந்தத் தடையை எடுத்துவிட்டதாக வந்து சொல்ல ஆளில்லை, புருஷனும் பெண்சாதியும் போய்க் கேட்கவுமில்லை, ஊர் முழுக்க அது சட்டமாக நின்றுவிட்டது.

"அது எப்பச் சொன்னது?" என்று பாக்கியத்தாய் அவர்களைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "புண்ணு ஆறி மூணு வருசம் ஆச்சு மூதிகளா! அவளே சொல்லிட்டாள்ல, வேர்க்கிறதுதான் குளிரும்னு. அவளுக்கு வேர்க்கலைன்னா நாம வேர்க்க வைப்போம், தள்ளுங்க!"

பூக்கூடை மேல் போர்த்தியிருந்த நனைந்த சாக்கை உருவி வந்து அவளைச் சுற்றிப் போட்டாள், சாக்கின் மேல் வாளித் தண்ணீரை ஊற்றினாள், ஒருத்தி முறத்தை எடுத்து விசிற, ஒருத்தி தன் முந்தானையை நனைத்துக் காலில் சுற்ற, சாக்குக் காயக் காய ஊற்றினார்கள், ஊற்ற ஊற்ற விசிறினார்கள், அதுவரைக்கும் ஒருத்தி வீட்டுப் படியை ஒருத்தி மிதிக்காத பெண்கள் ஒருத்தி கையிலிருந்து ஒருத்தி முறத்தைப் பிடுங்கி விசிறினார்கள், அந்த அக்னி நட்சத்திரத்து அனல்காற்றே ஈரச்சாக்கில் பட்டதும் குளிர்ந்து போய்த் திரும்பியது.

கால் மணி நேரம் ஆயிற்று. அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்த பாய் பெருமூச்சு விட்டார்.

"எந்த மூதி என் மேல சாக்கைப் போட்டது?" என்று சீனியம்மாளின் குரல் வந்தது. "ஒரே பிச்சிப்பூ வாடை. மண்டை வலிக்கி."

"நான்தான்டி போட்டேன். எப்படி இருக்கு?"

சீனியம்மாள் கண்ணை மூடி யோசித்தாள். "குளுருது" என்றாள். கொஞ்சம் பொறுத்து, பயந்த மாதிரி, "வெளியிலயே குளுருதே" என்றாள்.

பாய் அதற்குள் சூசையிடம் உப்புத்தாள் வாங்கி வந்து ஒரு பானையைச் சுற்றிலும் தேய்த்துத் தோலுரித்து நிழலில் வைத்திருந்தார். மூன்று மணி வாக்கில் அதன் வயிற்றில் பொடிப்பொடியாக முத்து அரும்பியது. ஒவ்வொருவராகச் சூசை பட்டறைக்குப் போய், வேறு எதற்கோ வாங்குவது போல, ஒரு துண்டு உப்புத்தாள் கேட்டு வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள்.

அய்யாக்குட்டி மட்டும் விடவில்லை. "சரி, பெயிண்டாலன்னே வச்சுக்கோ. பெயிண்ட் அடிக்கதுக்கு முந்தியே எங்க வீட்டுப் பானை குளிரலையே, அது எதனால?"

அவர் வீட்டுக்காரி தங்கபுஷ்பம் கையில் முறத்தோடு நிமிர்ந்தாள். "அன்னிக்கு நான் பானையைக் கழுவிக் கவுத்தி வச்சிருந்தேன். நீங்க குடிச்சது எவர்சில்வர் குடத்துத் தண்ணி."

"நீ ஏன் அன்னிக்கே சொல்லலை?"

"நீங்க என்னைக் கேட்டீங்களா? சந்தேகப்படதுல மும்முரமா இருந்தீங்க."

ஆறு மணிக்கு, வெயில் இன்னும் மேற்கே கண்ணைக் குத்திக்கொண்டிருக்கும்போது, வெள்ளைக் கார் வந்தது. நிற்பதற்குள் வெயிலுமுத்து இறங்கி ஓடி வந்தான். பந்தலில் சீனியம்மாள் சொட்டச் சொட்ட நனைந்த புடவையும் தோளில் ஈரச்சாக்குமாக உட்கார்ந்து, முறத்தை யார் உடைத்தது என்று நாலு பெண்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவன் அவள் கையைத் தொட்டான், கழுத்தைத் தொட்டான், பானையைச் சோதித்தவர்கள் மாதிரித் திரும்பத் திரும்பத் தொட்டான். பாய் பக்கத்தில் வந்து, கோயமுத்தூர்ப் பார்சல் மத்தியானம் பஸ்ஸில் வந்துவிட்டது, மாட்டிவிடவா என்று கேட்டதுகூட அவன் காதில் விழவில்லை. ஓடிப் போய்ப் பின் கதவைத் திறந்தான். உள்ளேயிருந்து எப்போதும் போலக் குளிர் வழிந்தது.

"ஏறு."

"நீங்க போங்க. நான் நடந்து வாரேன்."

"நாலு தெரு இருக்குட்டி!"

"நாலு வருசமா வெயில்ல நடக்கலையே. நாலு தெரு நடக்கேன்."

அவள் நடந்தாள். அவன் கதவை மூடக்கூட மறந்து, முதல் கியரில், பத்தடி பின்னால் வந்தான். அவள் புடவையிலிருந்து சொட்டிய தண்ணீர் தார் ரோட்டில் விழுந்த இடத்தில் காய்ந்தது, காருக்குள்ளிருந்து குளிர் இரண்டு பக்கமும் தெருவில் கொட்டிக்கொண்டே வந்தது, வாசலில் உட்கார்ந்து பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் முதலில் காலை மடக்கி உள்ளே இழுத்துக்கொண்டார்கள், அய்யாக்குட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு ஒரு உள்ளங்கையை மட்டும் நீட்டினார், அவர் எவ்வளவு எடுக்கிறார் என்று எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார், எங்கிருந்து வருகிறது இது என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டார்கள்.

மேலத் தெரு முக்கில் அவள் கால் கொஞ்சம் தடுமாறியது. வெயிலுமுத்து பதறிப்போய் ஹாரனை அமுக்கினான்.

அவள் திரும்பினாள். ஈரத் தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

"எதுக்கு ஹாரன் அடிக்கீங்க? அம்புட்டு ரோடு கெடக்குல்லா, முந்திப் போங்க."

இருபத்தாறு வருஷமாக லாரியையும் பஸ்ஸையும் முந்தின கைதான், அந்த ஒரு ஆளை முந்துவதற்கு இண்டிகேட்டர் போட்டது. ஒதுங்கி, அவள் மேல் தூசி படாமல், மெள்ள முந்தினான். கண்ணாடியில் அவள் சின்னதாகிக்கொண்டே போனாள், ஆனால் நடையை நிறுத்தவில்லை.